வைரஸே இல்லாம ஹெர்பிஸ் ஃப்யூஷன் டெஸ்ட் பண்றது எப்படி

ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் செல்லுக்குள்ள எப்படி நுழையுதுன்னு பாக்க வைரஸ் ஸ்டாக் எல்லாம் தேவையில்ல, அது மேல இருக்குற நாலு புரோட்டீன் போதும்: ஜிடி, ஜிஎச், ஜிஎல், ஜிபி. ஜிடி போய் செல் மேல இருக்குற ரிசப்டரை (வைரஸ் வந்து புடிக்கிற புரோட்டீன்), அதாவது நெக்டின்-1ஐயோ எச்விஇஎம்மையோ புடிக்கும், புடிச்சதும் அதோட வடிவம் மாறும், அதை வச்சு ஜிஎச்-ஜிஎல் ஜோடி முழிச்சுக்கிட்டு ஜிபியை உசுப்பி விடும், வைரஸ் சவ்வு, செல் சவ்வு ரெண்டையும் இழுத்து ஒண்ணாக்குறது (அதான் ஃப்யூஷன்) ஜிபி தான். 2006ல ஜிபியோட வடிவம் வெளிய வந்தப்போ, சம்பந்தமே இல்லாத விஎஸ்விங்கற வேற வைரஸோட ஜி புரோட்டீன் மாதிரியே இருந்துச்சு, யாருமே எதிர்பாக்கல.

சரி வேலைக்கு வருவோம். சிஎச்ஓ செல் (லேப்ல வளக்குற ஹாம்ஸ்டர் செல்) எடுங்க, அதுல ஜிடிக்கு ரிசப்டர் கிடையாது, நீங்க போட்டா தான் உண்டு. வீரோ செல்லுல (குரங்கு சிறுநீரக செல்) பண்ணா ரிசப்டர் ஏற்கனவே இருக்கும், அப்புறம் கன்ட்ரோலுக்கு அர்த்தமே இல்ல.

ஒரு பிளேட்டுல நாலு புரோட்டீனோட பிளாஸ்மிடும் (ஜீனை சுமக்குற வட்ட டிஎன்ஏ) கூடவே டி7 பாலிமரேஸும் (ஜீனைப் படிக்கிற என்சைம்) டிரான்ஸ்ஃபெக்ட் பண்ணுங்க, அதாவது செல்லுக்குள்ள ஏத்துங்க. இன்னொரு பிளேட்டுல நெக்டின்-1, டி7 புரோமோட்டர் (அந்த பாலிமரேஸ் மட்டும் ஆன் பண்ற சுவிட்ச்) வச்ச லூசிஃபெரேஸ் (ஒளி வர வைக்கிற என்சைம்). சுமார் 6 மணி நேரம் கழிச்சு ரெண்டையும் சமமா கலந்து ராத்திரி முழுக்க விட்டுடுங்க, செல்லும் செல்லும் சேந்தா தான் பாலிமரேஸ் அந்தப் பக்கம் போய் லூசிஃபெரேஸை ஆன் பண்ணும், காலைல லைசிஸ் பண்ணி (செல்லை உடைச்சு) ஒளியை அளக்குற லூமினோமீட்டர்ல ரீடிங் எடுத்தா போதும். செல்லை பிளேட்டுல இருந்து எடுக்க டிரிப்சின் போடாதீங்க ப்ளீஸ், மேல இருக்குற புரோட்டீனையே வெட்டிடும், ஈடிடிஏ போடுங்க.

கன்ட்ரோல் ரெண்டு கண்டிப்பா வேணும். ஜிபி இல்லாம ஒண்ணு (அதுக்குப் பதிலா காலி பிளாஸ்மிட், மொத்த டிஎன்ஏ அளவு மாறக்கூடாது), ரிசப்டர் இல்லாத டார்கெட்டோட (ரெண்டாவது பிளேட் செல்) ஒண்ணு. ரெண்டுலயும் ரீடிங் தரையோட தரையா இருக்கணும்.

இப்போ நிறைய பேர் கோட்டை விடுற இடம். ஜிபில ஒரு மியூட்டேஷன் போட்டீங்க, ரீடிங் விழுந்துடுச்சு, உடனே "ஃப்யூஷன் போச்சு"ன்னு எழுதிடாதீங்க. அந்த புரோட்டீன் செல் மேலயே வராம உள்ளயே மாட்டிக்கிட்டு இருக்கலாம், அதனால செல்லை ஓட்டை போடாம ஆன்டிபாடி போட்டு வெளிய எவ்ளோ இருக்குன்னு அதே செட்ல பாத்துடுங்க. என்னைக் கேட்டா இந்த டேட்டா இல்லாத ஃப்யூஷன் கிராஃபை நம்பவே மாட்டேன்.

அப்புறம் அசைக்ளோவிர் (ஹெர்பிஸுக்கு குடுக்குற மருந்து) போட்டு ரீடிங் குறையுதான்னு பாக்கலாமான்னு சிலர் கேப்பாங்க. குறையாது, அது தடுக்கறது வைரஸோட டிஎன்ஏ பாலிமரேஸை, இங்க அது கிடையவே கிடையாது. இன்னொண்ணு, இது செல்லும் செல்லும் சேர்ற கதை தான். நிஜ வைரஸ் வீரோ செல்லுல மேல் சவ்வுலயே ஒட்டி நுழையும், ரிசப்டர் போட்ட சிஎச்ஓல எண்டோசைட்டோசிஸ் (செல் பை மாதிரி சுருட்டி உள்ள இழுக்குறது) வழியா போய் ஆசிட் பிஎச் வந்தா தான் ஃப்யூஸ் ஆகும். அதனால இதுல வேலை செஞ்ச மருந்தை நிஜ வைரஸ்லயும் பாத்துட்டு தான் பேசணும்.