எட்டுப் பாட்டு, ஒரு அல்பம்: வன்னியில் ராப் பதிவு செய்வோருக்கு

ஏ9 வீதியில் ஓடுகிற தனியார் பஸ்ஸில் எஞ்சின் இரைச்சல், திறந்த யன்னல் காற்று, நடத்துனரின் கூவல் எல்லாவற்றையும் தாண்டி உங்கள் வரி விளங்க வேண்டும். ராப் அல்பத்துக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை இல்லை. பீட் (பின்னணித் தாள இசை) எவ்வளவு கனமாக இருந்தாலும் சொல் விளங்காவிட்டால் அது வெறும் சத்தம்தான். எழுதுவது, பதிவது, கலப்பது, வெளியிடுவது என்று ஒவ்வொரு படியிலும் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டே போங்கள்.

கருவி போதாது என்று தயங்க வேண்டாம். பிரித்தானியத் தமிழ் ராப் பாடகி மாதங்கி அருள்பிரகாசம் (எம்.ஐ.ஏ.) 2005இல் வெளியிட்ட ‘அருளர்’ அல்பத்தின் ஆரம்ப வடிவங்கள் ரோலண்ட் எம்.சி.505 என்ற, தாளமும் இசையும் அமைக்கிற ஒரு பெட்டியை வைத்துச் செய்யப்பட்டவை. இன்றைக்கு ஒரு லப்டொப், மைக்கை அதோடு இணைக்கிற இரண்டு வாய் உள்ள ஓடியோ இன்ரர்பேஸ், ஒரு மைக், காதை முழுதாக மூடுகிற ஹெட்போன் இருந்தால் ஆரம்பிக்கலாம்.

முதலில் கணக்கு

எட்டுப் பாட்டுப் போதும். முதல் அல்பத்திலேயே 15 பாட்டுப் போடுகிறவர்கள் பாதியில் களைத்து, கடைசி ஐந்தை ஒப்பேற்றுவார்கள். கேட்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

ரெம்போ 90, அதாவது நிமிடத்துக்கு 90 தட்டு, என்று வைத்தால் 16 பார் (ஒரு பார் நாலு தட்டு) கொண்ட ஒரு வேர்ஸ், அதாவது ராப் பகுதி, ஏறக்குறைய 43 செக்கன், திரும்பத் திரும்ப வரும் 8 பார் ஹூக் 21 செக்கன். இரண்டு வேர்ஸ், மூன்று ஹூக், முன்னால் 4 பார் இசை என்றால் பாட்டு 2 நிமிடம் 40 செக்கனில் முடியும். சில பாட்டுக்கு மூன்றாவது வேர்ஸ் வைத்தாலும் முழு அல்பம் 25 நிமிடத்தை ஒட்டியே நிற்கும். கிளிநொச்சியில் பஸ் ஏறுகிறவர் மாங்குளத்தில் இறங்குவதற்குள் ஏறக்குறைய முழுதையும் கேட்டு முடித்துவிடலாம்.

பீட் வாங்கும்போது வாடகை உரிமையா, முழு உரிமையா என்பதை எழுத்தில் கேளுங்கள். வாடகை பீட்டை இன்னும் பத்துப் பேர் வாங்கியிருப்பார்கள். யூரியூப்பில் உங்கள் பாட்டுக்கே உரிமைக் கோரிக்கை வந்து நிற்பதற்கு இது ஒரு முக்கிய காரணம். எம்பி3 கோப்பு ஒன்றை மட்டும் தந்தால் ஏற்காதீர்கள். கிக், ஸ்னெயார், பாஸ், மெலடி எல்லாம் தனித்தனி வேவ் கோப்பாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் குரலுக்கு இடம் விட முடியாது. பழைய திரைப்பாட்டில் ஒரு துண்டை வெட்டிப் போடும் எண்ணம் இருந்தால் அனுமதி வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை ஆக்கியவரின் ஆயுளுக்குப் பிறகும் 70 வருடம் இருக்கும். ஏழு செக்கன்தானே என்ற சாட்டு எடுபடாது.

அதைவிட நல்ல சரக்கு ஊரிலேயே கிடக்கிறது. அருவி வெட்டுப் பாட்டின் தாளம், உடுக்கு, பறை, கோவலன் கூத்தின் இழுவை எல்லாம் 90 ரெம்போவில் அழகாக உட்காரும். கூத்து அண்ணாவியார் ஒருவரின் குரலைப் பதிவதென்றால் முதலே கேட்டு, காசு பேசி, பெயரை அட்டையில் போடுங்கள். “ஐயா, சும்மா ஒருக்காப் பாடுங்கோ” என்று கைபேசியில் பிடித்து அல்பத்தில் சேர்ப்பது களவு.

வரி

ஒரு பாருக்கு நாலு தட்டு. ஒவ்வொரு தட்டையும் நாலாக உடைத்தால் 16 இடம். குறிலுக்கு ஓர் இடம், நெடிலுக்கு இரண்டு இடம் என்று எண்ணிப் பாருங்கள்:

வரம்பில நடந்தவன் நரம்பில வெயில்

எல்லாம் குறில். வ-ரம்-பி-ல, ந-டந்-த-வன், ந-ரம்-பி-ல, வெ-யில் என 14 இடம். மிச்சம் இரண்டும் மூச்சுக்கு. அதிலே ‘வரம்பில’வை எடுத்துவிட்டு ‘வாய்க்காலில’ என்று போட்டால் 16 இடமும் நிரம்பிவிடும், மூச்சு எடுக்க வழியில்லை. அடுத்த வரியின் முதல் எழுத்து விழுங்கப்படும். ‘வரம்பு, நரம்பு’ என்ற எதுகையும் போய்விடும். பதிவின்போது ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தடக்குகிறீர்கள் என்றால் பழி நாக்கில் இல்லை, இந்தக் கணக்கில்தான்.

தமிழில் கடைசிச் சொல்லை ஒலிக்க வைப்பது மிகச் சுலபம். நடக்குது, கிடக்குது, இருக்குது என்று வினைமுற்றே இயைபைத் தந்துவிடும். அதனால்தான் அது சலிக்கிறது. நாலு பாருக்கு மேல் ஒரே வினைமுற்றில் முடிக்காதீர்கள். வரியின் தொடக்கத்திலும் நடுவிலும் எதுகையை வையுங்கள், அப்போதுதான் ஓட்டம் பிடிக்கும்.

சென்னைப் பேச்சை இரவல் எடுக்க வேண்டாம். ‘எங்கட’, ‘கதைக்கிறம்’, ‘நிண்டனான்’ என்று வாயில் வருகிறபடி எழுதுங்கள். பரந்தனில் இருந்துகொண்டு ‘இன்னா நைனா’ போட்டால் ஊரும் சிரிக்கும், சென்னையும் சிரிக்கும்.

போரையும் காணாமல் போனவர்களையும் எழுதாமல் வன்னியில் ஓர் அல்பம் முடிவது அரிது. ஒருவரின் பெயரையோ படத்தையோ சேர்க்கிறீர்கள் என்றால் அந்த வீட்டாரிடம் போய் வரியை வாசித்துக் காட்டி, அவர்கள் ஓம் என்று சொன்ன பிறகே பதியுங்கள். தடைசெய்யப்பட்ட அமைப்புகளின் சின்னத்தை அட்டைப்படத்திலோ காணொலியிலோ வைத்தால் வழக்கு வரலாம்.

அறை

காசைவிட இங்கேதான் கவனம் போக வேண்டும். வீட்டுத் திட்ட வீடுகளில் பெரும்பாலும் வெறும் சீமெந்துத் தரை, வெறும் சுவர், மேலே சீலிங் இல்லாத ஓடு அல்லது சீற். கையைத் தட்டிப் பாருங்கள். ‘ணங்’ என்று வால் நீண்டால் அந்த அறையில் பதியும் ஒவ்வொரு சொல்லும் மங்கும். பிறகு எந்த மென்பொருளாலும் அதை முழுதாகக் கழுவ முடியாது.

முட்டை மட்டையை ஒட்டாதீர்கள். அது மேல் சத்தத்தைச் சற்றுக் குறைக்கும், குரலின் உடம்பு இருக்கும் பகுதியில் ஒன்றும் செய்யாது. இரண்டு பஞ்சு மெத்தையை மூலையில் ஆங்கில ‘வி’ வடிவத்தில் நிறுத்துங்கள். நீங்கள் அந்த மூலைக்கு முதுகு காட்டி நில்லுங்கள், மைக் உங்களைப் பார்த்து நிற்கட்டும். பலர் மைக்குக்குப் பின்னால் மெத்தையை வைக்கிறார்கள். ஆனால் சாதாரண மைக் பின்பக்கத்தை அவ்வளவாகக் கேட்காது, அது கேட்பது உங்கள் தலைக்குப் பின்னால் இருந்து திரும்பி வரும் ஒலியை. தலைக்கு மேலே கம்பளி ஒன்றைக் கயிற்றில் கட்டுங்கள், காலடியில் தடித்த பாய் அல்லது கார்ப்பெற் போடுங்கள். உடுப்பு நிறைந்த அலுமாரியைத் திறந்து விட்டாலும் நல்லது.

தகரக் கூரை தனிக்கதை. பகலில் சூடேறி விரிந்து, அந்தி சாய்ந்ததும் குளிர்ந்து சுருங்கும்போது ‘டிக், டிக்’ என்று தட்டும். அது அடங்க இரவு ஒன்பது, பத்து மணியாகும். கார்த்திகை, மார்கழியில் மழையும் தவளையும் இரவைக் குத்தகைக்கு எடுத்துவிடும், அந்த இரண்டு மாதமும் எழுதுவதற்கு. மாசியில் இருந்து பதியலாம், ஆனால் பக்கத்து வயலில் காலபோக அறுவடை மெசின் எப்போது இறங்கும் என்று கேட்டு வையுங்கள். வைகாசியில் கோயில் திருவிழா தொடங்கினால் குழல் ஸ்பீக்கர் கட்டுவார்கள். அதற்கு முன் குரலை முடித்துவிடுவது புத்தி.

லப்டொப்பின் சார்ஜரைக் கழற்றி பற்றரியில் பதியுங்கள். பூமிக்கம்பி இல்லாத சார்ஜரால் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் குரலோடு ஒட்டிக்கொள்ளும். மின்விசிறி, பிரிட்ஜ் இரண்டையும் நிறுத்துங்கள். பிரிட்ஜை மீண்டும் போட மறந்து அம்மாவிடம் ஏச்சு வாங்காமல் இருக்க, வீட்டுத் திறப்பை அதற்குள் வைப்பது பழைய தந்திரம்.

பதிவு

அறை நல்லதென்றால் கொண்டென்சர் மைக், 48 வோல்ற் இணைப்போடு. அறை மோசமென்றால் டைனமிக் மைக்கே மேல், அது கிட்ட வரும் குரலை மட்டும் பெரிதாக எடுக்கும். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் தூரம். ‘ப’ போன்ற எழுத்தின் காற்றடியைத் தடுக்கும் பொப் பில்ரர் மைக்கில் இருந்து நாலு விரல் தள்ளி. மென்பொருளில் பதிவின் தரம் 24 பிற், 48 கிலோஹேர்ட்ஸ். நீங்கள் கத்துகிற வரியைப் பாடி, அது மைனஸ் 10 டெசிபெல்லைத் தாண்டாதபடி அளவை வையுங்கள். சிவப்பு விளக்கு ஒருமுறை எரிந்தாலும் அந்த டேக் (ஒருமுறைப் பதிவு) போனது போனதுதான்.

ஒவ்வொரு வேர்ஸையும் முழுதாக மூன்று டேக். அதன் பிறகு மட்டும் துண்டு துண்டாகத் திருத்தம். வரி வரியாகப் பதிந்து ஒட்டினால் மூச்சு காணாமல் போய்விடும், மனிதன் மூச்சுவிடாமல் கதைப்பது கேட்பவருக்கு உறுத்தும். வரியின் கடைசி இரண்டு சொல்லுக்கு மட்டும் டபிள் எடுங்கள், அதாவது அதையே இன்னொருமுறை பாடி மேலே அடுக்குங்கள். முழு வேர்ஸுக்கும் எடுத்தால் எழுத்துகள் ஒன்றோடொன்று மோதி, ழகரமும் ளகரமும் கரைந்துவிடும். ஒவ்வொரு இரவும் கோப்புகளை இன்னொரு டிஸ்க்கில் பிரதி எடுத்து வேறு வீட்டில் வையுங்கள். மைக்கைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா பையோடு வைத்தால் ஈரமும் செம்மண் தூசியும் அண்டாது.

கலவை

குரலில் 80 முதல் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். 3:1 அளவில் கொம்பிரஷன் (சத்தம் கூடிய இடத்தை அமுக்குவது). சகரமும் ‘ஸ்’ஸும் குத்தினால் 5 முதல் 8 கிலோஹேர்ட்ஸுக்குள் டீ-எஸ்ஸர். குரல் வரும் நேரத்தில் மட்டும் பீட்டின் மெலடியை 2 முதல் 4 கிலோஹேர்ட்ஸ் பகுதியில் இரண்டு டெசிபெல் இறக்கினால் சொல் தானாக முன்னுக்கு வரும். 40 ஹேர்ட்ஸில் உறுமும் பாஸ் ஹெட்போனில் பயங்கரம், கைபேசியில் பூச்சியம். அதற்குச் சற்று சச்சுரேஷன் (ஒலியைக் கொஞ்சம் கரகரப்பாக்குவது) கொடுத்தால் மேலே எழும் ஒலியால் சின்ன ஸ்பீக்கரிலும் தெரியும்.

பிறகு வரியைக் கண்ணால் காணாத ஒருவரை ஓட்டோவில் ஏற்றி, ஓடிக்கொண்டிருக்கும்போது பாட்டைப் போட்டு, கேட்டதை அவர் கையால் எழுத வையுங்கள். பிழையாக எழுதிய சொல் எல்லாவற்றையும் குறியுங்கள். அதில் பாதிக்கு ஒலியளவைக் கூட்டினால் சரி, மற்றப் பாதியைத் திரும்பப் பாட வேண்டும். “அவனுக்குக் காது கேக்காது” என்று தப்பிக்க நினைத்தால் இரண்டாவது ஆளிடமும் கொடுத்துப் பாருங்கள்.

முடிவில் பாட்டின் சராசரிச் சத்தம் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். அளவைச் சுற்றி, உச்சம் மைனஸ் 1 டெசிபெல். இதைவிடச் சத்தமாக நசுக்கினாலும் ஸ்பொட்டிபை தானே குறைத்துவிடும், நசுங்கல் மட்டும் மிஞ்சும். எட்டுப் பாட்டிலும் குரல் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று ஒரே இருப்பில் கேளுங்கள்.

வெளியீடும் வரவேற்பும்

ஸ்பொட்டிபை போன்றவற்றுக்குப் பாட்டை அனுப்பிவைக்கும் விநியோகத் தளத்தில் நாலு வாரம் முன்னரே ஏற்றுங்கள். அட்டைப்படம் 3000 பெருக்கல் 3000 பிக்சல். ஸ்பொட்டிபையின் பட்டியல் தொகுப்பாளர்களுக்கு ஒரு பாட்டை முன்வைக்கலாம், அதற்குக் குறைந்தது ஏழு நாள் வேண்டும். அங்கே 30 செக்கன் ஓடினால்தான் ஒரு கேட்பு, 12 மாதத்தில் 1,000 கேட்பு இல்லாத பாட்டுக்குக் காசு இல்லை. ஆகவே 4 பார் முன்னிசையை 16 பார் ஆக்காதீர்கள். உங்கள் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வையுங்கள், இல்லாவிட்டால் பாட்டு வேறு யாருடைய பக்கத்திலோ போய் உட்காரும். கெட்ட வார்த்தை இருந்தால் அதற்குரிய குறியைப் போடுங்கள். வானொலிக்கு அது இல்லாத பிரதி ஒன்று தனியாக வேண்டும்.

காணொலியில் வரிகள் ஓடட்டும். ட்ரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதியைப் பாருங்கள். முகமாலைப் பக்கம் நல்ல காட்சி கிடைக்கிறதென்று மிதிவெடிப் பலகையைத் தாண்டிக் கால் வைக்காதீர்கள்.

ஊரில் இன்னும் வெளியீட்டு விழாவுக்கு மதிப்பிருக்கிறது. ஆனால் விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை ஆறு, ஆய்வுரை, முதற்பிரதி வழங்கல் என்று போய், பாட்டுக்கு மிஞ்சுவது பத்து நிமிடம். மூன்று பேச்சோடு நிறுத்துங்கள். மண்டபமும் எதிரொலிக்கும், அதனால் வரிகளைத் தாளில் அச்சடித்துக் கதிரையில் வையுங்கள். “இது பாட்டோ, கதையோ?” என்று கேட்கும் பெரியவர் தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டால் மூன்றாவது பாட்டில் தலையாட்டத் தொடங்குவார்.

பஸ், ஓட்டோக்காரருக்கு இறுவட்டு வேண்டாம், பென் டிரைவ் கொடுங்கள். 320 கே.பி.பி.எஸ். தரத்தில் எம்பி3, கோப்புப் பெயர் ஆங்கில எழுத்தில், முன்னால் 01, 02 என்று எண். பல பஸ் செற்றுகளில் தமிழ் எழுத்து வெறும் பெட்டியாகத் தெரியும், வரிசையும் குழம்பும். க.பொ.த. பரீட்சைக் காலத்தில் வெளியிட்டால் உங்கள் வயதுக்காரர் எவரும் கேட்கமாட்டார்கள்.

கருத்துப் பெட்டியில் புலம்பெயர்ந்தோர் புகழ்வதை வைத்து மட்டும் அளக்காதீர்கள். யூரியூப் தரும் கோட்டுப்படத்தில் எந்த செக்கனில் ஆட்கள் விலகுகிறார்கள் என்று பாருங்கள். எல்லோரும் இரண்டாவது வேர்ஸின் தொடக்கத்தில் போகிறார்கள் என்றால் முதல் வேர்ஸின் ஓட்டத்தையே திரும்பப் போட்டிருப்பீர்கள்.

காசு வந்து சேர இரண்டு மூன்று மாதமாகும். பீட் செய்தவர், கலந்தவர், ஹூக் பாடிய தங்கச்சி, அண்ணாவியார் ஆகியோருக்கு எத்தனை வீதம் என்பதை வெளியீட்டுக்கு முன்பே ஒரு தாளில் எழுதி எல்லோரும் ஒப்பமிடுங்கள். முதல் வருமானம் சில ஆயிரம் ரூபாய்தான் வரும் என்றாலும், சண்டை வருவது பெரும்பாலும் அந்தச் சில ஆயிரத்தில்தான்.