கண்மாயில் ஓடும் பெட்ரோல் படகுக்கு எந்தப் பம்பு?

ரிமோட்டில் ஓட்டும் பெட்ரோல் மாடல் படகுக்கு, இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர்ப் பம்பு வாங்கக் கிளம்பும் முன், பம்பு வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். காரைக்குடியில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். பம்புதான் என் பிழைப்பு. ஆனாலும் ரேஸ் படகு கட்டுகிறவர்களுக்குப் பம்பு வேண்டாம் என்றே சொல்வேன்.

ரேஸ் படகில் சுக்கானிலோ பின்பலகையிலோ ஒரு சிறு குழாய் முன்னோக்கி வாய் திறந்திருக்கும். படகு பாயும்போது தண்ணீர் தானாக அதற்குள் ஏறி, இன்ஜினைச் சுற்றிவிட்டுப் பக்கவாட்டுத் துளை வழியாகப் பீய்ச்சும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அந்த வாயில் கிடைக்கும் அழுத்தம் தண்ணீரை 6 மீட்டர் உயரத்துக்குத் தள்ளப் போதும். 10 கிலோமீட்டரில் அதுவே 40 சென்டிமீட்டர்தான். 5 கிலோமீட்டருக்கு வந்துவிட்டால் வெறும் 10 சென்டிமீட்டர். இன்ஜினின் மேல்தலை வரைக்கும்கூட ஏறாது. ப்ரொப்பெல்லர் தள்ளும் நீர் கொஞ்சம் கைகொடுக்கும், அதை நம்பி இன்ஜினை விட முடியாது. ஆகவே இழுவைப் படகு, மீன்பிடிப் படகு போன்ற மாடல்களை மெதுவாக ஓட்டுகிறவர்களுக்கும், ஐடிலில் வெகுநேரம் நிறுத்துகிறவர்களுக்கும்தான் பம்பு அவசியம்.

அழகப்பா பொறியியல் கல்லூரித் தம்பி ஒருவர் கடைக்கு வந்து, “அண்ணே, பெரிய பம்பா போட்டா நல்லதுதானே?” என்றார். நல்லதில்லை தம்பி. 26 சிசி இன்ஜின் முழு வேகத்தில் ஓடும்போது தண்ணீருக்குள் இறங்கும் வெப்பத்தைத் தோராயமாக 2 கிலோவாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர் போனாலே, உள்ளே போனதைவிட 30 டிகிரி சூடேறித்தான் வெளியே வரும். கண்மாய்த் தண்ணீர் 30 டிகிரி என்றால் வெளியே வருவது 60. அது முழு வேகக் கணக்கு. மெதுவாக ஓடும் படகில் வெப்பம் இன்னும் குறைவு. இதற்குமேல் கொட்டினால் சிலிண்டர் குளிர்ந்துபோய்ப் பெட்ரோல் சரியாக எரியாது, பிளக் எண்ணெய் பிடித்துக் கருக்கும்.

அடுத்து, பெட்டியில் போட்டிருக்கும் எண்களைப் படிக்கும் விதம். “240 லிட்டர், 3 மீட்டர்” என்று போட்ட 12 வோல்ட் பிரஷ்லெஸ் (மோட்டாரில் கார்பன் பிரஷ் இல்லாத) பம்பு சுலபமாகக் கிடைக்கிறது. மணிக்கு 240 லிட்டரை 3 மீட்டர் உயரத்துக்கு ஏற்றும் என்று அதற்குப் பொருள் இல்லை. குழாயே மாட்டாமல் விட்டால் 240 லிட்டர். 3 மீட்டர் உயரத்தில் சொட்டுகூட வராது. நம் படகு இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அது எங்கே என்று அறிய, நீங்கள் போடப்போகும் அதே சிலிக்கான் குழாயை மாட்டி, இன்ஜினையும் சேர்த்து இணைத்து, பம்பை வாளித் தண்ணீரில் வைத்து ஓட்டுங்கள். வெளிவாயில் ஒரு லிட்டர் பாட்டிலைப் பிடியுங்கள். ஒரு நிமிடத்துக்குள் நிரம்பினால் அந்தப் பம்பு போதும். நிரம்பவில்லை என்றால் பம்பை மாற்றுமுன் குழாயைப் பாருங்கள். உள்விட்டம் 4 மில்லிமீட்டரிலிருந்து 5 ஆனாலே நல்ல வித்தியாசம் தெரியும். வளைவில் மடிந்திருந்தால் எந்தப் பம்பும் தள்ளாது.

இனி எந்த வகை என்று பார்ப்போம். இங்கே நம்மூர்த் தண்ணீர்தான் தீர்ப்புச் சொல்லும். செட்டிநாட்டு மண் செம்புறாங்கல் பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிறையும்போது தண்ணீர் செங்கலங்கலாக இருக்கும். பங்குனிக்குள் வற்றிப் பாசி கட்டிவிடும். கியர் பம்பு தானாகத் தண்ணீரை உறிஞ்சி மேலே இழுக்கும், அழுத்தமும் நன்றாக இருக்கும். ஆனால் இரண்டு பற்சக்கரங்களும் இடைவெளியே இல்லாமல் உரசிச் சுழல்வதால் இந்த மணல் அவற்றைத் தின்றுவிடும். ரப்பர் சவ்வு அசைந்து தண்ணீரைத் தள்ளும் டயாஃப்ரம் பம்பு காற்றை இழுத்தாலும் தாங்கும், ஆனால் அதன் வால்வில் ஒரு பாசி நார் சிக்கினால் ஓட்டம் நின்றுவிடும். காரின் கண்ணாடி கழுவும் பம்பு மலிவு என்று பலர் எடுக்கிறார்கள். சில விநாடிகள் பீய்ச்சிவிட்டு நிற்பதற்காகச் செய்த பம்பு அது, தொடர்ந்து ஓட்டினால் சூடாகிப் போய்விடும்.

நான் பரிந்துரைப்பது பிரஷ்லெஸ் சென்ட்ரிஃப்யூகல் பம்பு, அதாவது உள்ளே சக்கரம் சுழன்று தண்ணீரை வெளியே வீசும் பம்பு. கலங்கல் தண்ணீரைத் தாங்கும். வேகம் கூடும்போது முன்வாயில் வரும் தண்ணீரும் அதன் வழியாகவே கடந்து போகும். கியர் பம்பு நடுவில் நின்று அதை மறித்துவிடும். ஒரே நிபந்தனை: அதற்கு உறிஞ்சி இழுக்கத் தெரியாது. படகின் நீர்மட்டத்துக்குக் கீழே, அடித்தளத்தில்தான் பொருத்த வேண்டும். இன்ஜினில் தண்ணீர் கீழ்வாயில் நுழைந்து மேல்வாயில் வெளியேறட்டும், அப்போதுதான் காற்று தங்காது. எக்ஸாஸ்டுக்கும் தண்ணீர் உறை இருந்தால் அதற்குத் தனிக் குழாய் கொடுங்கள். அங்கே தண்ணீர் வரத்து நின்றால் சைலென்சரை இணைக்கும் சிலிக்கான் குழாய் எரிந்துவிடும்.

பிரஷ்லெஸ் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு, அதுதான் முக்கியம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் தேங்கும். பம்பும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். கார்பன் பிரஷ் மோட்டாரைக் கழற்றி இருட்டில் ஓட்டிப் பாருங்கள், பிரஷ் உரசும் செம்பு வளையத்தில் (கம்யூட்டேட்டர்) நீலப் பொறி ஓடிக்கொண்டே இருக்கும். அதைப் பெட்ரோல் ஆவிக்குள் வைக்க எனக்கு மனம் வராது. வயர் இணைப்புகளையும் சால்டர் வைத்து ஸ்லீவ் போட்டு மூடுங்கள். ஸ்விட்ச் மேல்தளத்தில் இருக்கட்டும்.

ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவரின் பேட்டரியைப் பம்புக்குக் கொடுக்க வேண்டாம், தனியாக ஒன்று வையுங்கள். பம்பு அரை ஆம்பியர் இழுத்தால் 1000 மில்லிஆம்பியர்-அவர் பேட்டரி கணக்குப்படி 2 மணி நேரம் வரும். ஒன்றரை மணி நேரத்துக்குமேல் நம்பாதீர்கள்.

உறிஞ்சும் வாயில் ஸ்டீல் டீ வடிகட்டி வலையை வெட்டி, வாயைவிட நாலைந்து மடங்கு அகலமாகக் கட்டுங்கள். வாய் அளவுக்கே கட்டினால் ஒரு இலை அடைத்துக்கொள்ளும். வெளித்துளை கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் பக்கத்தில், நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். பீய்ச்சல் மெலிந்தால் உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள். முதல் ஓட்டத்தைத் திறந்தவெளியில் ஒரு பெரிய சிமெண்ட் தொட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். ப்ரொப்பெல்லரைக் கழற்றி, ஐடிலில் மட்டும் ஓட்டி, வெளிவரும் தண்ணீரில் விரல் வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. விரல் வைக்க முடியாத சூடு என்றால் எங்கோ அடைப்பு இருக்கிறது.

அப்புறம் ஒன்று. குடிக்கத் தண்ணீர் எடுக்கும் ஊரணியில் பெட்ரோல் படகை இறக்கவே இறக்காதீர்கள். எக்ஸாஸ்டில் வரும் டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் தண்ணீர்மேல் படலமாகப் படரும். ஓட்டுவதற்குக் கண்மாய் இருக்கிறது. அங்கும் மீன் குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓட்டி முடித்ததும் வாளி நல்ல தண்ணீரைப் பம்பு வழியாக ஓடவிட்டு, பம்பு மூடியின் திருகுகளைக் கழற்றி, காந்தம் உள்ள சுழலும் பாகமான ரோட்டரை வெளியே எடுங்கள். மண்ணிலுள்ள இரும்புத் துகள் காந்தத்தைச் சுற்றிக் கறுப்புப் பூச்சாக ஒட்டியிருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துத் துடைத்து, உலர்ந்த பிறகு மூடுங்கள்.