கோடிங் பழகும் மலையகப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் காலத்தில் கோடிங் பழக ஆரம்பிக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். ஆர்வத்துக்குக் குறைவே இல்லை. சறுக்குவது மாதத்துக்கொரு கணினி மொழி மாறுவதில்தான். பைத்தான் மொழியில் லூப் வரை, அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் பாடம் வரை வந்திருப்பார்கள். அதற்குள் யாரோ ஒருவர் வீடியோவில் ரஸ்ட் என்ற இன்னொரு மொழிதான் எதிர்காலம் என்பார், உடனே அங்கே தாவல். பைத்தான் வெளிவந்தது 1991இல், ஜாவாஸ்கிரிப்ட் 1995இல். முப்பது வருடம் கழிந்தும் இரண்டுக்கும் வேலை இருக்கிறது. ஒன்றிலேயே ஒரு வருடம் நின்றால் எதுவும் கைவிட்டுப் போகாது.

அடுத்தது, வீடியோவில் செய்துகாட்டும் அதே செயலியைத் திரும்பச் செய்வது. அதைவிட, தேயிலைக் கொழுந்து எடுக்கும் அம்மாவுக்கு ஒரு நிறைக் கணக்கு எழுதிப் பாருங்கள். நாளுக்கு மூன்று நிறை, சாக்குக்கும் தண்ணீருக்கும் கழிவு, குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்), கூடினால் மேலதிகக் கிலோவுக்குக் காசு. சின்னதாகத் தெரியும், எழுத உட்கார்ந்தால்தான் சிக்கல் புரியும். 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டச் சொன்னால் பைத்தான் 0.30000000000000004 என்று காட்டும். தசமத்தைக் கணினி 0, 1 மட்டும் கொண்ட இரும எண்ணாக வைப்பதால் வரும் கோளாறு இது. நிறையைக் கிராமில் முழு எண்ணாக வைத்துக் கணக்குப் போட்டு, திரையில் காட்டும்போது மட்டும் கிலோவாக்குங்கள்.

இங்கேதான் சாட்ஜிபிடியிடம் முழுவதையும் ஒப்படைக்கும் பழக்கம் கெடுக்கிறது. உங்கள் தோட்டத்தில் எத்தனை கிலோவுக்கு ஒரு பேர், கழிவு எவ்வளவு என்பது அதற்குத் தெரியாது. தெரிந்தமாதிரி ஓர் எண்ணைப் போட்டுவிடும். அம்மாவிடம் கேளுங்கள், கணக்கைக் கொப்பியில் கையால் ஒருதரம் போடுங்கள், அப்புறம் கோட் எழுதுங்கள். பிழைச் செய்தி வந்தால் அதை அப்படியே ஒட்டி விடை கேட்காமல், கடைசி வரியை நிதானமாக வாசியுங்கள். எந்தப் பெயரில், எந்த வகையில் பிழை என்று பெரும்பாலும் அங்கேயே எழுதியிருக்கும்.

தமிழில் செயலி செய்ய நினைப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ‘பதுளை’யின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் 5 என்று சொல்லும். நமக்கு மூன்று எழுத்து. எழுத்துகளைக் கணினியில் எண்ணாகக் குறிக்கும் யூனிகோடு முறையில் ‘து’வும் ‘ளை’யும் அகர எழுத்தும் (த, ள) உயிர்க்குறியுமாக இரண்டிரண்டு குறியீடுகள். இது தெரியாமல் சொல்லைத் திருப்பினாலோ பெயரை நடுவில் வெட்டினாலோ குறிகள் வேறு எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுத்து எழுத்தாகப் பிரிக்க இன்டல் செக்மென்டர் (Intl.Segmenter) என்ற வசதி இருக்கிறது.

கோடைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் போடும்போது கடவுச்சொல்லும் ஏபிஐ சாவியும் (வேறு சேவைகளை உங்கள் கோட் பயன்படுத்தத் தரும் ரகசியக் குறி) உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அழித்தாலும் பழைய பதிவில் அப்படியே கிடக்கும். வெளியே போய்விட்ட சாவியை ரத்துசெய்து புதிதாக எடுப்பதுதான் வழி.

சான்றிதழுக்காகவே பெருந்தொகை கட்டாதீர்கள், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் சிஎஸ்50 என்ற அறிமுகக் கணினிப் பாடம் இலவசமாகவே கிடைக்கிறது. லயத்தில் சிக்னல் நிற்காது என்றால், டவுனுக்குப் போகும் நாளில் பைத்தானின் அதிகாரபூர்வ விளக்கநூலை முழுதாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். பிறகு அதை வாசிக்க இணைய இணைப்பே தேவையில்லை.