சில நேரம் ஸ்டார்ட் ஆகுது, சில நேரம் ஆகல: பிக்கப் வண்டில கோளாறை கையும் களவுமா பிடிக்கிறது எப்படி

பத்து தடவை கீ திருப்பினா ஒன்பது தடவை டக்குனு ஸ்டார்ட் ஆகும், பத்தாவது தடவை மூச்சே விடாது, சரினு மெக்கானிக்க கூட்டிட்டு வந்தா அவர் முன்னாடி சமத்தா ஸ்டார்ட் ஆயிரும். இதுக்கு நிறைய பேர் என்ன பண்றாங்கன்னா முதல்ல பேட்டரி மாத்துவாங்க, அப்புறம் செல்ஃப் மோட்டார் (இஞ்சின சுத்தி ஸ்டார்ட் பண்ற மோட்டார்) மாத்துவாங்க, கடைசில பாத்தா எர்த் ஒயர் (பேட்டரி நெகட்டிவ வண்டி பாடியோட சேக்குற ஒயர்) போல்ட் ஒண்ணு லூஸா இருந்திருக்கும். வண்டி நல்லா இருக்கும்போது எதை செக் பண்ணாலும் நல்லாதான் காட்டும். மக்கர் பண்ற அந்த நிமிஷத்துல பாக்கணும், அதுக்கு முன்கூட்டியே ரெடியா இருக்கணும், அவ்ளோதான் விஷயம்.

தேவையானது ஒரு மல்டிமீட்டர், ஸ்பேனர், ஒயர் பிரஷ், சின்ன 12 வோல்ட் பல்பு, கொஞ்சம் ஒயர், 5 ஆம்ப் ஃபியூஸ் ஹோல்டரோட. மோதிரம், வாட்ச்லாம் கழட்டி வெச்சிருங்க. ஹேண்ட் பிரேக் போட்டு, வண்டிய நியூட்ரல் இல்லனா பார்க்ல வெச்சு, சக்கரத்துக்கு கட்டை குடுங்க.

ஸ்டெப் 1: எந்த வகை கோளாறுனு பிரிங்க

கீ திருப்பினா இஞ்சின் சுத்தவே மாட்டேங்குதா, இல்ல நல்லா சுத்துது ஆனா பிடிக்க மாட்டேங்குதா? இது ரெண்டும் வேற வேற கோளாறு, இத கலந்துட்டா அப்புறம் எல்லாமே குழப்பம்தான். கூடவே போன்ல குறிச்சு வைங்க: இஞ்சின் சூடா இருந்துச்சா, ஆறி இருந்துச்சா, மழையா, என்ன சத்தம் வந்துச்சு, ஹெட்லைட் போட்டு பாத்தப்போ மங்குச்சா.

படபடனு வேகமா டிக் டிக் சத்தம் வந்து லைட்டும் செத்துப்போச்சுன்னா பேட்டரி, இல்லனா டெர்மினல் (பேட்டரில ஒயர் மாட்டுற இடம்). கனமா ஒரே ஒரு டக், லைட் நல்லா எரியுதுன்னா செல்ஃப் மோட்டார் பக்கம் சந்தேகம். சத்தமே இல்ல, லைட்டும் மங்காம நல்லா எரியுதுன்னா செல்ஃப் மோட்டாருக்கு சிக்னலே போகாம இருக்கலாம்.

ஸ்டெப் 2: பேட்டரி

ராத்திரி முழுக்க நின்ன வண்டில மீட்டர் வெச்சா சுமார் 12.6 வோல்ட் காட்டணும். 12.2ன்னா பாதிதான் சார்ஜ் இருக்குனு அர்த்தம், முதல்ல சார்ஜ் போட்டுட்டு மேல பாருங்க. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்கு கீழ இறங்குனா பேட்டரிய லோட் டெஸ்ட்டுக்கு (கரண்ட் நிறைய இழுத்து பாக்குற சோதனை) குடுக்கணும். இஞ்சின் ஓடும்போது பொதுவா 13.8ல இருந்து 14.5க்குள்ள இருக்கும். டெர்மினல கையால திருகி பாருங்க, அசைஞ்சுதுன்னா அதுவே காரணமா இருக்கலாம். கழட்டும்போது நெகட்டிவ் முதல்ல, மாட்டும்போது நெகட்டிவ் கடைசில.

ஸ்டெப் 3: எர்த்

பிக்கப்ல இத ஸ்பெஷலா பாக்கணும், ஏன்னா நிறைய பிக்கப்ல சேசிஸ் (அடிச்சட்டம்) தனி, கேபின் தனி, இஞ்சின் ரப்பர் மவுண்ட் மேல உக்காந்திருக்கு, இது மூணையும் எர்த் பட்டைதான் சேத்து வெச்சிருக்கு, அடியில சேறும் தண்ணியும் அடிச்சு அந்த பட்டை பச்சை பூத்து போயிரும். பாக்குறதுக்கு நல்லா இருக்குனு விட்டுறாதீங்க. மீட்டர டிசி வோல்ட்ல வெச்சு ஒரு முனைய பேட்டரி நெகட்டிவ் போஸ்ட்லயும் இன்னொரு முனைய இஞ்சின் பிளாக்ல பெயிண்ட் இல்லாத இடத்துலயும் வெச்சுக்கங்க, வேற ஒருத்தர செல்ஃப் அடிக்க சொல்லுங்க. 0.2 வோல்ட்டுக்குள்ள இருந்தா சரி, அரை வோல்ட்டுக்கு மேல போனா பட்டைய கழட்டி ரெண்டு பக்கமும் பளபளனு தேச்சு மாட்டுங்க. அதே மாதிரி பாசிட்டிவ் போஸ்ட்டுக்கும் செல்ஃப் மோட்டாரோட பெரிய போல்ட்டுக்கும் நடுவுல 0.5க்குள்ள இருக்கணும்.

ஸ்டெப் 4: உளவு பல்பு

இந்த பதிவுல ஒரே ஒரு விஷயம்தான் செய்வேன்னா இத செய்யுங்க. செல்ஃப் மோட்டார்ல தடியா ஒரு கேபிள் வரும், அது பேட்டரில இருந்து நேரா வர்றது. பக்கத்துலயே ஒல்லியா ஒரு ஒயர் இருக்கும், கீய திருப்பும்போது மட்டும் அதுல கரண்ட் வரும். பேட்டரி நெகட்டிவ கழட்டிட்டு, அந்த ஒல்லி ஒயர்ல இருந்து ஒரு ஒயர் இழுங்க, ஆரம்பத்துலயே ஃபியூஸ் போட்டுருங்க, சைலன்சர் பைப், ஸ்டீயரிங் ராடு எதுலயும் படாம கேபினுக்கு கொண்டு வந்து பல்புல குடுங்க, பல்போட இன்னொரு முனை நல்ல எர்த்ல. எல்ஈடி வேணாம், அது கொஞ்சூண்டு கரண்ட் வந்தாலே எரிஞ்சு நம்மள ஏமாத்திரும், சாதா இழை பல்பு போடுங்க.

அப்புறம் பேட்டரி நெகட்டிவ திரும்ப மாட்டிட்டு வழக்கம்போல வண்டிய ஓட்டுங்க. நல்லா ஸ்டார்ட் ஆகும்போது பல்பு எவ்ளோ வெளிச்சமா எரியுதுனு கண்ணுல பதிய வெச்சுக்கங்க. என்னிக்கு மக்கர் பண்ணுதோ அன்னிக்கு பல்ப பாருங்க. பளிச்சுனு எரியுது ஆனா செல்ஃப் சுத்தலன்னா சிக்னல் வந்து சேந்துருச்சு, கோளாறு செல்ஃப் மோட்டார்லயோ தடி கேபிள்லயோதான். எரியவே இல்லனா செல்ஃப் மோட்டார தொடாதீங்க, அது மேல தப்பே இல்ல. மங்கலா எரிஞ்சா ஹெட்லைட்டையும் பாருங்க, அதுவும் மங்கினா ஸ்டெப் 2, 3க்கு திரும்பணும், அது நல்லா இருந்தா சிக்னல் வர்ற வழில எங்கயோ கரண்ட் முழுங்குது.

ஸ்டெப் 5: பல்பு எரியலன்னா

ஆட்டோமேட்டிக் வண்டில லீவர பார்க்ல இருந்து நியூட்ரலுக்கு தள்ளி அடிச்சு பாருங்க, அப்ப எடுத்துச்சுன்னா கியர் பொசிஷன் சுவிட்ச்தான். மேனுவல்னா கிளட்ச் பெடல் சுவிட்ச், பெடல நல்லா அழுத்தி மிதிச்சா எடுக்குதானு பாருங்க. அடுத்தது ஸ்டார்ட்டர் ரிலே (செல்ஃப் மோட்டாருக்கு சிக்னல் அனுப்புற மின் சுவிட்ச்), ஃபியூஸ் பாக்ஸ்ல ஹார்னுக்கு அதே நம்பர் போட்ட ரிலே இருந்தா ரெண்டையும் மாத்தி போடுங்க, காசு செலவில்லாத டெஸ்ட். டேஷ்போர்டுல சாவி படம் போட்ட லைட் வேகமா மின்னுச்சுன்னா இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லனா ஸ்டார்ட் ஆக விடாத திருட்டு தடுப்பு) கீய அடையாளம் கண்டுக்கல, ஸ்பேர் கீ போட்டு பாருங்க. இதுவும் இல்லனா இக்னிஷன் சுவிட்ச், கீய அழுத்தி பிடிச்சு லேசா அசைச்சா சில நேரம் எடுக்கும், அதுவே துப்பு.

ஸ்டெப் 6: பல்பு எரிஞ்சு செல்ஃப் எடுக்கலன்னா

ஒருத்தர் கீய பிடிச்சிட்டு இருக்க, இன்னொருத்தர் செல்ஃப் மோட்டார் பாடிய சுத்தியல் கைப்பிடியால லேசா தட்டணும், ஓங்கி அடிச்சா உள்ள காந்தம் உடையலாம். தட்டி எடுத்துச்சுன்னா பிரஷ் (மோட்டார் உள்ள கரண்ட் கடத்துற கார்பன் துண்டு) தேஞ்சிருக்கும், இல்லனா சொலினாய்ட் (செல்ஃப் மோட்டாருக்கு கரண்ட் விடுற காந்த சுவிட்ச்) உள்ள செம்பு காண்டாக்ட் கருகி இருக்கும். சில மாடல்ல அந்த காண்டாக்ட மட்டும் மாத்தலாம், முழு மோட்டாரும் வாங்க அவசரப்படாதீங்க. ஸ்க்ரூடிரைவர் வெச்சு ஷார்ட் பண்ணி ஸ்டார்ட் பண்ற வித்தை மட்டும் வேணவே வேணாம், கியர்ல இருந்தா வண்டி ஆள் மேல ஏறிரும்.

இஞ்சின் சுத்தியும் பிடிக்கலன்னா

பெட்ரோல் வண்டில கீ ஆன் பண்ணதும் டேங்க் பக்கம் ஃபியூயல் பம்ப் ரெண்டு செகண்ட் போல உய்ங்னு ஓடும், நிறைய மாடல்ல இத காதாலயே கேக்கலாம், மக்கர் பண்ற நேரத்துல அது கேக்கலன்னா பம்ப், இல்லனா அதோட ரிலே. சூடா இருக்கும்போது மட்டும் பிடிக்காம ஆறின பிறகு பிடிச்சா கிராங்க் சென்சார் (இஞ்சின் சுத்துறத கம்ப்யூட்டருக்கு சொல்ற சென்சார்) மேல முதல் சந்தேகம். டீசல்ல காலைல மட்டும் தகராறுன்னா குளோ பிளக் (குளிர்ல இஞ்சின சூடாக்குற பிளக்), இல்லனா ராத்திரில டீசல் லைன்ல காத்து ஏறுது. எதுவா இருந்தாலும் மக்கர் பண்ண உடனே ஸ்கேனர் (வண்டி கம்ப்யூட்டர்ல மாட்டி படிக்கிற கருவி) போட்டு எரர் கோடு (code) பாருங்க, பேட்டரிய கழட்டினா அதுல இருக்குற கோடு அழிஞ்சு போகலாம், கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துக்கங்க.