ஏற்காட்டுப் பனி ஏன் சிமெண்ட் நிறத்தில் விழுகிறது?

ஏற்காட்டில் பனிமூட்டத்தை ஆசையாகப் படம் எடுத்து, வீட்டுக்கு வந்து பார்த்தால் சிமெண்ட் பூசிய சுவர் மாதிரி இருக்கும். எனக்கும் முதல் வருடம் அப்படித்தான். போன்தான் மட்டம் என்று நினைத்துப் புதுசு வாங்கினேன். அதிலும் அதே சிமெண்ட்.

கேமராவுக்கு வெள்ளை, கறுப்பு எதுவும் தெரியாது. எதைக் காட்டினாலும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் அளவுக்குத்தான் வெளிச்சத்தை வைக்கும். எல்லாமே வெள்ளையாக இருந்தால், வெளிச்சம் கூடிவிட்டது என்று அதுவாகவே குறைத்துவிடும். அதைத் திருத்துவது நம் வேலை.

1. லென்ஸைத் துடையுங்கள். 20 கொண்டை ஊசி வளைவையும் ஏசி போட்ட காரில் ஏறிவிட்டு இறங்கினால், ஈரக்காற்று பட்டு லென்ஸில் ஆவி படியும். ஐந்து நிமிடம் பொறுங்கள். அதற்குள் ஒரு டீ.

2. திரையில் முக்கியமான இடத்தைத் தொடுங்கள். பெரும்பாலான போன்களில் பக்கத்திலேயே குட்டிச் சூரியன் வரும். பனி என்றால் அதை மேலே தள்ளுங்கள். எண் காட்டும் கேமராவில் +0.7 போதும். வெறும் பனியை எடுக்காதீர்கள், சில்வர் ஓக் மரம் ஒன்றாவது முன்னால் நிற்கட்டும்.

3. எவ்வளவு தள்ளுவது என்று பழக, மலையிலிருந்து இறங்கி ஒரு சேகோ மில்லுக்குப் போங்கள். என்னைக் கேட்டால் ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையை விட இதுதான் நல்ல பள்ளிக்கூடம். களம் முழுக்க ஜவ்வரிசி காயும். அனுமதி கேட்டுவிட்டு, வெயில் சாய்ந்த பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்து எடுங்கள். கிளறிவிட்ட கோடுகளில் அப்போதுதான் நிழல் விழும். சூரியனைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி நாலைந்து படம் எடுத்து, பெரிதாக்கிப் பாருங்கள். ஜவ்வரிசி மணி மணியாகத் தெரிந்தால் சரி. மாவு மாதிரி ஒட்டிப்போயிருந்தால் கூட்டியது அதிகம். அதை எந்த ஆப்பிலும் மீட்க முடியாது. வேலை செய்கிற அக்காமார்களிடம் படத்தைக் காட்டுங்கள். எங்கே சரியில்லை என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

4. இனி ஒரு பொறி. பங்குனி, சித்திரையில் கோடை மழை பெய்து பத்து நாள் வாக்கில் காப்பிச் செடி பூக்கும். மல்லிகை மாதிரி வாசனை, இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். பூ வெள்ளைதானே என்று சூரியனை ஏற்றினால் போச்சு! படத்தில் முக்கால்வாசி கரும்பச்சை இலை. கேமரா இலையைப் பார்த்துத் தானே வெளிச்சத்தைக் கூட்டியிருக்கும். இங்கே இறக்க வேண்டும்.

5. ஆடியில் சேலம் குகைப் பகுதியில், சாமி வேஷம் கட்டியவர்கள் வண்டியில் வலம் வரும் வண்டி வேடிக்கைக்கும் இதே கணக்குதான். சுற்றிலும் இருட்டு, நடுவே விளக்கு வெளிச்சத்தில் சாமி வேஷம். வேஷம் கட்டியவர் முகத்தைத் தொட்டு, விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் பல போன்களில் பூட்டு விழும். அப்புறம் சூரியனைக் கீழே இழுங்கள், முகத்துச் சாயம் தெரிகிற வரை. வண்டி நகரும்போது கை ஆடும்; கூட்டத்தில் சிக்கி அது நிற்கிற நேரம் பார்த்து எடுங்கள்.