கஷ்டத்துலயும் வீட்ல சிரிப்பு நிக்காம பாத்துக்கிறது எப்படி? வெளிநாட்ல வளர்ற நம்ம முஸ்லிம் புள்ளைங்களுக்கு

நாங்க கீழக்கரைக்காரங்க, ஆனா நானும் தங்கச்சியும் வளந்தது லண்டன் ஈஸ்ட் ஹாம்ல. ஒரு கடைக்கு மேல ஒரே ரூம், அதுக்குள்ள நாலு பேரு, வாப்பாவுக்கு ராத்திரி ஷிப்ட், உம்மாவுக்கு முட்டி வலி, மாசம் பொறந்தா பில்லு மேல பில்லு. போன வாரம் சொந்தத்துல ஒரு தம்பி, 15 வயசு, போன் பண்ணி "காக்கா, வீட்ல எல்லாரும் டென்ஷனாவே இருக்காங்க, நான் சிரிச்சாலே ஏதோ குத்தம் பண்ற மாதிரி இருக்கு"ன்னான் (எங்க ஊர்ல அண்ணன காக்கான்னுதான் கூப்பிடுவோம்). அவன்கிட்ட சொன்னதத்தான் இங்க எழுதுறேன்.

மொதல்ல, கஷ்டத்துல சிரிச்சா பாவம்ங்கிற நெனப்ப விடுங்க. அனஸ் (ரலி) அவங்களோட சின்ன தம்பி அபூ உமைர் ஒரு குட்டிக் குருவி வச்சு வெளயாடிட்டு இருந்தாரு, அது செத்துப்போச்சு, புள்ள சோகமா இருக்கு. நபி (ஸல்) அவங்க "அபூ உமைரே, நுகைர் என்ன பண்ணுச்சு?"ன்னு எதுகையா கேட்டாங்க, புகாரி, முஸ்லிம்ங்கிற ரெண்டு ஹதீஸ் நூல்லயும் இருக்கு. புள்ளையோட பேரையும் குருவியோட பேரையும் சேத்து வெளயாட்டா பேச்சு குடுத்தாங்க, அதுவும் அந்த சோகத்தப் பத்தியே. குர்ஆன்ல அலம் நஷ்ரஹ் சூராவுல "கஷ்டத்தோட லேசு இருக்கு"ன்னு ரெண்டு வாட்டி வருதில்ல, கஷ்டம் முடிஞ்ச பெறகுன்னு இல்ல, கஷ்டத்தோட.

அடுத்து, சிரிப்ப வெளிய தேடாதீங்க, அது உங்க வீட்டுப் பேச்சுலயே கெடக்கு. ஸ்கூல் வாசல்ல தங்கச்சி என்ன "காக்கா காக்கா"ன்னு கூப்பிடுவா, கூட படிச்ச யாழ்ப்பாணத்துப் புள்ளைங்களுக்கு ஒண்ணும் புரியாது, அண்ணன ஏன் பறவ பேர் சொல்லிக் கூப்பிடுறேன்னு கேட்டாங்க. அவ யோசிக்கவே இல்ல, "காக்கா கரைஞ்சா விருந்தாளி வருவாங்கல்ல, அதான் நீங்கல்லாம் வந்துட்டீங்க, வாங்க வீட்டுக்கு"ன்னா. நெசமாவே மூணு பேரு வந்தாங்க, உம்மா எங்க ஊர்ப் பலகாரம் வாடா சுட்டுக் குடுத்தாங்க. அதுல ஒருத்தி இன்னைக்கும் எங்க வீட்டுக்குப் பெருநாளுக்கு வருவா.

எங்க வீட்ல ஒரு பழக்கம் உண்டு, நீங்களும் செஞ்சு பாருங்க. லீவு நாள்ல சஹன, அதான் எல்லாரும் சேந்து சாப்பிடுற பெரிய தட்ட, சுத்தி உக்காரும்போது ஆளுக்கொரு விஷயம் சொல்லணும், மனசு வலிச்சத மொதல்ல, சிரிப்பு வந்தத அடுத்து. இந்த வரிசைய மாத்தாதீங்க, வலிச்சத சொல்லாம வர்ற சிரிப்பு சும்மா நடிப்பாயிடும்.

இப்ப முக்கியமானது. உம்மா வாப்பாவ வச்சு வெளியாளுக்கு சிரிப்பு காட்டாதீங்க. நான் அந்தத் தப்ப பண்ணிருக்கேன். வாப்பா பேசுற இங்கிலீஷ கிளாஸ்ல அப்படியே பேசிக் காட்டுனேன், எல்லாரும் சிரிச்சானுங்க, அப்புறம் பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு வாப்பா வந்தப்போ ரெண்டு பயலுக அவங்க முன்னாடியே அத சொல்லிக் காட்டுனானுங்க. வாப்பா ஒண்ணும் சொல்லல, ஆனா அதுக்கப்புறம் ஸ்கூல் பக்கமே வரல. மன்னிப்பு கேக்க எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. கேட்ட அன்னைக்கு ராத்திரி அவங்களாவே ஒண்ணு சொன்னாங்க: வேலைக்கு சேந்த மொத வாரம் பாக்குறவனெல்லாம் "ஆர் யூ ஆல்ரைட்?"னு கேட்டானாம், இங்க அது சும்மா வணக்கம் சொல்ற மாதிரின்னு தெரியாம, நமக்கு என்னமோ சீக்கு போலன்னு பயந்து வீட்டுக்கு வந்து கண்ணாடிய பாத்தாங்களாம். சொல்லிட்டு அவங்களே வயிறு குலுங்க சிரிச்சாங்க. அவங்க கதைய அவங்க வாயால கேளுங்க, அந்த சிரிப்பே வேற.

எல்லாத்தையும் சிரிச்சு தள்ளவும் கூடாது. 2005 ஜூலை 7 லண்டன் குண்டுவெடிப்புல 52 பேர் செத்தாங்க, எனக்கு அப்ப 11 வயசு, அதுக்கப்புறம் பஸ்ல என் ஸ்கூல் பைய பாத்து பக்கத்துல இருந்தவங்க எந்திரிச்சுப் போனாங்க, நான் யார்கிட்டயும் சொல்லல. நீங்க சொல்லுங்க, பெரியவங்ககிட்ட சொல்லுங்க. இங்கிலாந்துன்னா டெல் மாமான்னு 2012ல தொடங்குன அமைப்பு முஸ்லிம்கள் மேல காட்டுற இந்த மாதிரி வெறுப்பையெல்லாம் பதிவு பண்றாங்க, மனசு விட்டுப் பேச முஸ்லிம் யூத் ஹெல்ப்லைன் இருக்கு. அப்புறம் ஆஸ்பத்திரில டாக்டர் சொல்றத உம்மாவுக்கு மொழிபெயர்க்கிற வேலைய புள்ளைங்க தலையில கட்டாதீங்க, இங்க அரசாங்க மருத்துவ சேவையான என்எச்எஸ்ல கேட்டா காசில்லாம ஆள் ஏற்பாடு பண்ணுவாங்க. 12 வயசுல நான் பாதிய மறைச்சு பாதிய சொன்னேன், அந்த பாரம் ரொம்ப நாள் இருந்துச்சு.

நம்பிக்கைன்னு வந்தா, இன்ஷா அல்லாஹ் சொல்லிட்டு பக்கத்துலயே ஒரு தேதியும் போடுங்க. 2016ல நோன்பு ஜூன்ல வந்துச்சு, தங்கச்சிக்கு ஜிசிஎஸ்இ, இங்க 16 வயசுல எழுதுற ஸ்கூல் பரீட்சை, சூரியன் மறைய ராத்திரி 9:20 ஆவும், நோன்பு 18 மணி நேரத்துக்கு மேல. ஒரு நாள் படிச்சிட்டே அழுதுட்டா. வாப்பா பேப்பர் எடுத்து கணக்கு போட்டாங்க, நோன்பு வருஷா வருஷம் பத்து பதினொரு நாள் முன்னாடி வருதே, அப்ப 2030 டிசம்பர் கடைசில வரும், லண்டன்ல நாலு மணிக்கே திறந்துடலாம்னு பெருசா எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டுனாங்க. உம்மா அதப் பாத்துட்டு, "நாலு மணிக்கே கஞ்சி குடிச்சா, எட்டு மணிக்கு இன்னொரு சட்டி வைக்கணுமே"ன்னு கவலப்பட ஆரம்பிச்சாங்க. தங்கச்சி அழுதுட்டு இருந்தவ சிரிச்சுட்டா. அந்தப் பேப்பர் இன்னும் அங்கதான் ஒட்டியிருக்கு.