போக்கிமான் கான்டெஸ்ட்: அடிக்காமல் ரிப்பன் வாங்குவது எப்படி?

போக்கிமான் வீடியோ கேமில் ஜிம் சண்டை எல்லாம் ஜெயித்த தெம்பில், ஸ்வாம்பெர்ட் என்ற என் போக்கிமானைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் பியூட்டி கான்டெஸ்டுக்குள் நுழைந்தேன். எடுத்த எடுப்பிலேயே எர்த்குவேக். சண்டையில் எதிராளியைச் சுருட்டிப் போடும் மூவ் (போக்கிமான் காட்டும் வித்தை) அது. இங்கே கூட்டம் கப்சிப். நான்கு பேரில் நான்காவதாக வெளியே வந்தேன். ஒரு மூவ் எவ்வளவு பலமாக அடிக்கும் என்பது கான்டெஸ்ட் மேடையில் கணக்கிலேயே வராது. பார்க்க எப்படி இருக்கிறது என்பதற்குத்தான் மார்க்.

இங்கே சொல்வது கேம்பாய் அட்வான்ஸில் வந்த ரூபி, சஃபையர் (2002), எமரால்டு (2004) ஆட்டங்களின் விதிகள். பிறகு வந்த ஆட்டங்களில் கொஞ்சம் கொஞ்சம் மாறும்.

1. வகையை முடிவு செய்யுங்கள்

கூல், பியூட்டி, க்யூட், ஸ்மார்ட், டஃப் என்று ஐந்து வகை. இதே வரிசையில் ஒரு வட்டமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டஃப்புக்கு அடுத்து மறுபடி கூல். நீங்கள் சேரும் வகைக்கு இரு பக்கமும் இருப்பவற்றால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. எதிரே இருக்கும் இரண்டும்தான் ஆபத்து. பியூட்டிக்கு எதிரே இருப்பவை ஸ்மார்ட்டும் டஃப்பும். எர்த்குவேக் டஃப் வகை. அன்றைக்கு என் கதை ஏன் கந்தலானது என்று இப்போது புரிந்திருக்கும்.

2. மேடைக்கு முன்னால் சமையல்

பாதி வெற்றி இங்கேதான். பெர்ரிப் பழங்களை பிளெண்டரில் போட்டு போக்கிப்ளாக் என்ற தின்பண்டம் செய்து போக்கிமானுக்கு ஊட்ட வேண்டும். கார்ப்பு கூலை ஏற்றும், துவர்ப்பு பியூட்டியை, இனிப்பு க்யூட்டை, கசப்பு ஸ்மார்ட்டை, புளிப்பு டஃப்பை. ஆரம்பத்துக்குச் செரி, செஸ்டோ, பீச்சா, ராஸ்ட், ஆஸ்பியர் போதும். அதே வரிசையில் ஒவ்வொன்றும் ஒரு சுவை.

பிளெண்டரில் முள் சுற்றி உங்கள் பக்கம் வரும்போது சரியாகப் பட்டனை அழுத்தினால் வேகம் கூடும், ப்ளாக்கும் நன்றாக வரும். கூட ஆடுபவர் போட்ட அதே பழத்தை நீங்களும் போட்டுவிடாதீர்கள். கறுப்பு ப்ளாக்தான் மிஞ்சும். அதனால் பெரிய பிரயோஜனம் இல்லை.

கண்டபடி ஊட்டவும் கூடாது. ஒவ்வொரு ப்ளாக்குக்கும் போக்கிமானின் ஷீன் என்ற அளவு ஏறிக்கொண்டே போகும். அது 255-ஐத் தொட்டதும், இனி எனக்கு வேண்டாம் என்று வாயை மூடிக்கொள்ளும். கழித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வழியே கிடையாது. அதனால் முதலில் அதன் நேச்சரை, அதாவது குணத்தைப் பாருங்கள். மாடஸ்ட் என்றால் துவர்ப்பு பிடிக்கும், அடமன்ட்டுக்கு அது ஆகாது. ஃபீபாஸ் என்ற மீன் போக்கிமானை வளர்த்தவர்களுக்கு இந்த வலி தெரியும்: பியூட்டி 170 ஆன பிறகு ஒரு லெவல் ஏறினால்தான் அது மிலாட்டிக் என்ற போக்கிமானாக மாறும். ஆட்டத்தில் வரும் ரூட் 119 என்ற பாதையில், அந்த மீன் கிடைப்பதே தண்ணீரில் மொத்தம் ஆறு கட்டத்தில். அதையும் தேடிப் பிடித்து, தப்பான ப்ளாக்கை ஊட்டி நாசமாக்கியவர்களில் நானும் ஒருவன்.

3. மேடை

முதல் சுற்றில் நீங்கள் செய்ய ஒன்றும் இல்லை. ஊட்டி வளர்த்த அழகைப் பார்த்துக் கூட்டம் ஓட்டுப் போடும். அந்த வகைக்குரிய ஸ்கார்ஃப் கிடைத்திருந்தால் கட்டிவிடுங்கள், பியூட்டிக்கு நீலம்.

இரண்டாம் சுற்றில் ஆளுக்கு ஐந்து முறை மூவ் போடலாம். ஒவ்வொரு மூவுக்கும் இத்தனை இதயம் என்று உண்டு, இங்கே அதுதான் மார்க். என் இன்னொரு போக்கிமான் வல்பிக்ஸை வைத்தே சொல்கிறேன். அதன் கையில் எம்பர், சன்னி டே, ஃப்ளேம்த்ரோவர். மூன்றுமே பியூட்டி வகை.

முதல் முறை எம்பர். இரண்டாவது சன்னி டே. அதற்குப் பெரிதாக இதயம் கிடையாது, ஆனால் நடுவர் அடுத்து என்ன வரப்போகிறது என்று உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். மூன்றாவது ஃப்ளேம்த்ரோவர். சன்னி டேக்குப் பின்னால் வந்தால் இது காம்போ, அதாவது ஜோடி சேரும் மூவ்; நான்கு இதயம் எட்டாகும். நான்காவது மறுபடி சன்னி டே, ஐந்தாவது ஃப்ளேம்த்ரோவர், இன்னொரு எட்டு. எந்த மூவையும் அடுத்தடுத்து இரண்டு முறை போடவில்லை, கவனித்தீர்களா? போட்டால் நடுவருக்குச் சலித்துவிடும், இதயத்தை வெட்டுவார்.

அப்புறம், மேலே ஓடும் கூட்டத்தின் மீட்டரை மறக்காதீர்கள். வகைக்குப் பொருந்தும் மூவ் வந்தால் மீட்டர் ஒரு கட்டம் ஏறும், போட்டவருக்கு ஒரு இதயம் கூடுதல். எதிர் வகை வந்தால் ஒரு கட்டம் இறங்கும். ஐந்தாவது கட்டத்தை நிரப்புபவருக்கு ஆறு இதயம்! ஆனால் மீட்டர் நான்கு பேருக்கும் பொது. நீங்கள் நாலு கட்டம் வரை கஷ்டப்பட்டு ஏற்ற, பக்கத்தில் நிற்கும் இன்னொருவரின் ஸ்கிட்டி சும்மா ஒரு மூவைப் போட்டு ஆறையும் அள்ளிக்கொண்டு போகும். எனக்கு இது நடந்திருக்கிறது, அதுவும் கடைசி முறையில்.

ஒரு முறையில் அதிக இதயம் வாங்கியவர் அடுத்த முறை முதலில் ஆட வேண்டும். கேட்க மரியாதையாக இருக்கும், ஆனால் மிரட்டும் மூவ்கள் பெரும்பாலும் தனக்கு முன்னால் ஆடியவர்களைத்தான் பதம் பார்க்கும். அதனால் முதல் ஆளாகப் போய் நிறைய இதயம் வாங்கினாலும், பின்னால் வருபவர்கள் அதில் கொஞ்சத்தைப் பறித்துவிடுவார்கள்.

4. படி ஏறுவது

நார்மல், சூப்பர், ஹைப்பர், மாஸ்டர் என்று நான்கு நிலை. ரூபி, சஃபையரில் இவை முறையே வெர்டன்டர்ஃப், ஃபாலார்பர், ஸ்லேட்போர்ட், லிலிகோவ் ஊர்களில் நடக்கும். எமரால்டில் எல்லாமே லிலிகோவில்தான், அலைச்சல் மிச்சம். ஜெயித்தால் பரிசு ரிப்பன். அந்த வகையில் கீழ் நிலை ரிப்பனை அதே போக்கிமான் வாங்கியிருந்தால்தான் மேல் நிலைக்கு விடுவார்கள்.

மாஸ்டரில் நல்ல மார்க்கோடு ஜெயித்தால் உங்கள் போக்கிமானை ஓவியமாக வரைந்து லிலிகோவ் மியூசியத்தில் மாட்டுவார்கள். என் வல்பிக்ஸின் படம் அங்கே தொங்குகிறது. ஸ்வாம்பெர்ட்டை இன்னும் நான் டஃப் கான்டெஸ்டுக்குக் கூட்டிப் போகவில்லை. எர்த்குவேக்கை அங்கேதான் போட வேண்டும்.